தங்க மூட்டில் எத்தனை பவுன்?

போன பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கையில் திணித்த நோட்டீஸ் ஒன்று இன்னும் என் மேசையில் கிடக்கிறது. ‘தங்க முழங்கால், 30 வருட உழைப்பு’. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறவர்களிடம் மூட்டு மாற்று விளம்பரம் கொடுக்கத் தோன்றிய மூளையை மெச்சத்தான் வேண்டும்.

கிழித்துப் போட்டிருப்பேன். அத்தை பார்த்துவிட்டார். "ஏம்பா, உள்ள எத்தனை பவுன் வெப்பாங்க?" சிரித்துவிட்டேன். அந்த மூட்டுக்காகவே வளையலை அடகு வைக்கப் பேசி முடித்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதில் குந்துமணி தங்கம்கூட இல்லை. டைட்டானியம் நைட்ரைடு, இல்லாவிட்டால் டைட்டானியம் நியோபியம் நைட்ரைடு என்கிற பீங்கான் வகைப் பூச்சு அது. நிறம் மட்டும்தான் தங்கம். ஹார்டுவேர் கடையில் மஞ்சளாகப் பளபளக்கும் ட்ரில் பிட் இருக்கிறதே, அதன் மேல் இருப்பதும் இதே சரக்குதான். தடிமன் சில மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது பெரும்பாலும் வழக்கமான கோபால்ட் குரோமியம்.

பூச்சே வீண் என்று சொல்ல வரவில்லை. கவரிங் தோடு போட்டாலே காது புண்ணாகிறவர்கள் உண்டு. அப்படி உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிக்கல், கோபால்ட் கசிவதைக் குறைக்க இதைப் பரிந்துரைப்பதில் நியாயம் இருக்கிறது. இடுப்பு மூட்டுத் தண்டில் பூசும் ஹைட்ராக்சிஅபடைட் இன்னும் உருப்படியானது. எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்தது என்பதால், சிமெண்ட் இல்லாமலே எலும்பு அதைப் பற்றி வளர்கிறது.

நோட்டீஸின் பொய் அந்த ‘30 வருட’த்தில்தான். இந்த மாதிரி எண்கள் ஆய்வகத்தில் இயந்திரம் மடக்கி நீட்டிப் பார்த்த தேய்மானக் கணக்கிலிருந்து வருபவை. இயந்திரத்துக்குச் சீழ் பிடிக்காது, எலும்பு தளராது. மனிதர்களுக்கு மூட்டை மறுபடி திறக்க வைப்பதில் முக்கியமானவை அந்த இரண்டும்தான். பூசியதையும் பூசாததையும் நோயாளிகளிடம் ஒப்பிட்ட சோதனைகளில் வலியிலோ நடையிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வுப்படி, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன. அவ்வளவு காலம் முன்பு வைத்தவை பெரும்பாலும் இந்த மஞ்சள் பூச்சு இல்லாதவை. நோட்டீஸ் அடிக்காமலேயே உழைத்திருக்கின்றன!

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைத்தபோது, கோபால்ட் குரோமியம் முழங்காலுக்கு ரூ.54,720, டைட்டானியம், ஆக்சிஜனேற்றிய ஜிர்கோனியம் போன்றவற்றுக்கு ரூ.76,600. வரி தனி. கொள்ளை விலையை அடக்கிய நல்ல ஆணைதான். ஆனால், விலை கூடினால் சரக்கும் உசத்தி என்று நினைக்கிற நம் ஜனங்களுக்கு அதுவே ஒரு தரப்பட்டியலாகவும் ஆகிவிட்டது.

அத்தைக்கு இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். எனக்கு உலோக ஒவ்வாமை இருக்கா? வருஷத்துக்கு எத்தனை முழங்கால் ஆபரேஷன் பண்றீங்க?

"டாக்டர்கிட்ட இப்படியெல்லாம் கேக்கலாமாப்பா?" என்கிறார். வரும் வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன்.