நெகட்டிவ் மட்டும் போதுமா?

2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் திவால் மனு போட்டபோது, பிலிமுக்குக் கருமாதியே முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அதே ஆண்டில் எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமும் நின்றுபோனது. ஆனால் 2018-இல் அந்த எக்டாக்ரோம் மறுபடி கடைக்கு வந்துவிட்டது. 2022-இல் லைக்கா தன் பழைய எம்6 கேமராவை மீண்டும் தயாரித்தது. கருப்பு வெள்ளைக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம், 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்று ஒரு கலர் பிலிமை இறக்கியது. 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 புத்தம் புதிய பிலிம் கேமரா. 36 படம் எடுக்கிற ரோலில் 72 எடுக்கலாம். இவற்றை வாங்குகிறவர்களில் பலர் செல்போனும் கையுமாக வளர்ந்த பிள்ளைகள்.

நமக்கு இதில் ஒரு ஆதங்கமும் உண்டு. ஊட்டியில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு ஆலை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் புரோமைடு காகிதமும் போட்டது. இந்த அலை எழும்பியபோது அந்த ஆலை இல்லை. இன்று ஒவ்வொரு ரோலும் கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

விலையைப் பார்க்காமல் அந்தப் பிள்ளைகள் ஏன் வாங்குகிறார்கள்? பழைய நினைவு என்று சொல்ல முடியாது. பிலிம் காலம் அவர்களுக்கு நினைவில் இருக்கவே வாய்ப்பில்லை. படத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மனிதர் ஒருவரை நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். டிஜிட்டல் சென்சாரில் ஒரு புள்ளி ஒளியால் நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான். அதற்குமேல் அங்கே வெறும் வெள்ளை. முகத்துக்குப் போதுமான ஒளி கொடுத்தால் வேட்டி வெளுத்து மடிப்பெல்லாம் காணாமல் போகும். நெகட்டிவ் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒளி கூடக்கூட அது தயங்கித் தயங்கித்தான் கருக்கும். ட்ரை-எக்ஸ், எச்பி5 பிளஸ் போன்ற கருப்பு வெள்ளை பிலிமில் எடுத்தால் முகமும் தெரியும். வேட்டியின் மடிப்பும், அதன்மேல் விழுந்த துண்டின் நிழலும் தெரியும். கிரெய்னும் அப்படித்தான். சென்சாரின் கட்டங்கள் வரிசையாக, இடம் மாறாமல் நிற்பவை. பிலிமின் வெள்ளி மணிகளோ ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு விதமாக இறைந்து கிடப்பவை.

நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வை, வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவு என்பது பழைய ஆட்களின் சூத்திரம். டெவலப்பரில் நிழல் பகுதிகள் சீக்கிரமே வேலையை முடித்துக்கொள்ளும். வெளிச்சப் பகுதிகள்தான் நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போகும். வேட்டியைக் காப்பாற்றுவது அந்தக் கடைசி ஒன்றிரண்டு நிமிடங்களைக் குறைப்பதுதான். டி-76 போன்ற டெவலப்பர்களுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும். சென்னையில் மே மாதக் குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. பக்கெட்டில் ஐஸ் கட்டியைப் போட்டு, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துக்கொண்டே கழுவ வேண்டும்.

இத்தனை பாடுபட்டு எடுத்த நெகட்டிவ் அப்புறம் எங்கே போகிறது? நேராக ஸ்கேனருக்கு. அங்கே கான்ட்ராஸ்ட் எவ்வளவு, கருப்பு எதுவரை என்பதை ஒரு மென்பொருள் முடிவு செய்கிறது. பிறகு படம் போன் திரையில், உள்ளங்கை அகலத்தில் வந்து நிற்கிறது. நெகட்டிவைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிடுகிறவர்களும் உண்டு. பிலிமின் மறுவரவில் எனக்கு இருக்கும் ஒரே குறை இது. காகிதம்வரை வராத படம் பாதிப் படம்தான்.

ஏன் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ்' படம் ஒன்றே போதும். 1941 நவம்பர் 1, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமம். மறையும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுந்திருக்கிறது, எதிரே நிலா. லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் அதைக்கொண்டே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த ஒளி போய்விட்டது. ஆக, ஒரே நெகட்டிவ். அதிலிருந்து வாழ்நாளில் 1,300-க்கும் மேற்பட்ட அச்சுகள் போட்டார். தொடக்க கால அச்சுகளில் வானம் சாம்பல் நிறம். மேலே மேகக் கீற்றுகள் தெரியும். வயதாக ஆக அவர் வானத்தைக் கருக்கிக்கொண்டே போனார். பிற்கால அச்சுகளில் அது ஏறக்குறைய முழு இருட்டு, நிலா மட்டும் தனித்து நிற்கும். ஒரே கீர்த்தனையை ஒரு வித்வான் இளமையில் பாடியதையும் முதுமையில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்பது மாதிரி. ஆடம்ஸ் முறையாகப் பியானோ பயின்றவர் என்பதில் வியப்பில்லை.

இந்த வித்தை நடப்பது, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜருக்கு அடியில். நியூயார்க்கில் மேக்னம் புகைப்பட நிறுவனத்துக்கு அச்சுப்போட்ட பாப்லோ இனிரியோவின் வேலைப் பிரதிகள் புகழ்பெற்றவை. டென்னிஸ் ஸ்டாக் 1955-இல் மழையில் எடுத்த நடிகர் ஜேம்ஸ் டீனின் படத்தின் மேல், எங்கே எத்தனை விநாடி கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று கோடும் வட்டமும் எண்ணுமாகக் கிறுக்கியிருப்பார். குறைப்பதற்குக் கருவி, கம்பி முனையில் ஒட்டிய ஒரு அட்டைத் துண்டு. அதன் நிழல் முகத்தின்மேல் விழும்படி பிடிக்க வேண்டும். கூட்டுவதற்கு இரண்டு உள்ளங்கைகளே போதும், இடையில் ஒரு சின்னச் சந்து விட்டுக்கொண்டால் சரி. கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றால் அட்டையின் விளிம்பு அச்சில் கோடாக விழுந்துவிடும். ஒவ்வொரு அச்சுக்கும் இந்தக் கைவேலை முதலிலிருந்து. அதனால்தான் இரண்டு அச்சுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை.

நல்ல அச்சைப் பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஜன்னலோர வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் கருப்பைப் பாருங்கள்: கரித்துண்டு போலத் தட்டையாக இருக்கிறதா, உற்றுப் பார்த்தால் உள்ளே தலைமுடியோ கதவின் மரவரியோ தெரிகிறதா? அடுத்து வெள்ளை: சுவர் சுண்ணாம்பின் சொரசொரப்பு மிஞ்சியிருக்கிறதா? பிறகு இரண்டுக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை எண்ணுங்கள். படத்தின் உயிர் அங்கேதான். பைபர் காகிதமாக இருந்தால் சற்றே சாய்த்துப் பாருங்கள். அடியில் பேரியம் சல்பேட்டின் வெண்மை, அதன்மேல் ஜெலட்டினுக்குள் நிஜ வெள்ளி. போன் திரை எத்தனை கூர்மையாக இருந்தாலும் இந்த ஆழம் அதில் வராது.

எல்லாப் படத்தையும் அச்சுப்போட முடியாதுதான். காகிதமும் பிலிமைப் போலவே விலை. ஆனால் ஒரு ரோலுக்கு ஒரு படம் போடலாமே. 36-இல் எது என்று தேர்ந்தெடுக்கும்போதே கண் பழகத் தொடங்கிவிடும். என்லார்ஜரைப் பரணில் ஏற்றிவைத்த ஸ்டூடியோக்காரர் உங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கலாம். அவரைக் கேட்டுப் பாருங்கள். பிலிம் திரும்பி வந்தது அதைப் பற்றி நாம் உருகிப் பேசியதால் அல்ல, காசு கொடுத்து வாங்க ஆட்கள் இருந்ததால். இங்கிலாந்தில் இல்ஃபோர்டும் செக் நாட்டில் ஃபோமாவும் இன்னும் காகிதம் போட்டுக்கொண்டிருக்கின்றன. அவை தொடர்வதும் அதே கணக்கில்தான்.