கீமோவும் சத்து மாத்திரையும்

டெல்லி துவாரகாவில் எந்த செக்டர் சந்தையிலும் டாக்டர் சீட்டில்லாமலே சத்து மாத்திரை வாங்கலாம். எய்ம்ஸுக்கோ, ஹரியானா எல்லை தாண்டி ஜஜ்ஜரில் அதன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கோ போய் கீமோ ஏற்றிக்கொண்டு வருபவரின் அலமாரியில் பி காம்ப்ளெக்ஸும் வைட்டமின் சியும் தானாகச் சேர்ந்துவிடுகின்றன. ‘சத்துதானே, என்ன கெடுதல்?’ என்கிறது குடும்பம். அசட்டு வாதம் என்று தள்ளிவிட முடியாது.

நுரையீரல் புற்றுக்குத் தரும் பெமெட்ரெக்செட், செல்கள் ஃபோலேட்டை, அதாவது ஃபோலிக் அமில வகை வைட்டமினைப், பயன்படுத்துவதைத் தடுத்து வேலைசெய்கிறது. ஆரம்பகாலச் சோதனைகளில் மருந்தின் நச்சாலேயே சிலர் இறந்தார்கள். 1999 டிசம்பரில் ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் கட்டாயமாக்கப்பட்டபின் கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன. இன்றும் முதல் டோஸுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி தினம் 400 முதல் 1000 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசி. இங்கே வைட்டமின் சிகிச்சையின் பாதி. காரணம், மருந்து எதைப் பறிக்கிறது என்பது தெரிந்து, அதை அளந்து திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அதே ஃபோலிக் அமிலத்தை கேப்பசிடபைன் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் மோசமாகக்கூடும். ரத்தப்புற்றில் இந்த எச்சரிக்கை இன்னும் பழையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த வகைப் பொருட்கள் குழந்தைகளின் ரத்தப்புற்றை முடுக்கிவிடுவதாகக் கண்ட சிட்னி ஃபார்பர், ஃபோலேட்டை எதிர்க்கும் அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் அவர் எழுதிய 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. சத்தைக் கொடுத்தல்ல, தடுத்து!

எனக்கு அதிகம் உறுத்துவது 1992இல் வெளியான ஓர் ஆய்வு. சினைப்பைப் புற்றுக்கு சிஸ்பிளாட்டினும் ஹெக்ஸாமெத்தில்மெலமைனும் பெற்றவர்களுக்கு பி6 சேர்த்தார்கள். நரம்புப் பாதிப்பு குறைந்தது. ஆனால் சிகிச்சையின் பலன் நீடித்த காலமும் சுருங்கியது. நோயாளி கண்ட நிவாரணம் நிஜம், கொடுத்த விலை அவர் கண்ணில் படவில்லை. 2020இல் வந்த, 1,134 மார்பகப் புற்று நோயாளிகளைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் பி12 எடுத்தவர்களிடம் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களிடமும் அதே சாயல், ஆனால் அவ்வளவு உறுதியாக அல்ல. வெறும் அவதானிப்பு என்பதால் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கெடுதலே இல்லை என்றும் சொல்ல முடியாது.

டெல்லியில் வைட்டமின் டி குறைபாடு சர்வசாதாரணம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்த குறையை டாக்டர் நிரப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குடும்பத்தை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. விரல் மரத்துப்போகிறது என்றதும் பி வைட்டமின் எழுதித் தரும் பழக்கம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2014, 2020 வழிகாட்டுதல்கள் கீமோவால் வரும் மரமரப்பைத் தடுக்க எந்த வைட்டமினையும் பரிந்துரைக்கவில்லை. வலியோடு வந்துவிட்டால் அவை சொல்வது துலாக்செட்டின் என்ற மருந்து ஒன்றைத்தான்.