காட்டப்படும் சிவப்பும் சொல்லப்படும் சிவப்பும்: அமெரிக்கச் சித்திரக்கதைகளில் நிறமும் பெயரும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் சிவப்பு இரு நிலைகளில் இடம்பெறுகிறது. பாத்திரத்தின் உடையாகவும் உடலாகவும் கண்ணுக்குக் காட்டப்படுவது ஒன்று. பாத்திரப் பெயரிலும் நூல் தலைப்பிலும் சொல்லாக வருவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு ‘சிவப்பு என்பது சினம்’, ‘சிவப்பு என்பது வீரம்’ எனப் பொருள் கூறுவது எளிது. ஆனால் அது பொருந்துவதில்லை. காட்டப்படும் சிவப்பு நாயகரை அடையாளப்படுத்துகிறது; சொல்லப்படும் சிவப்பு ஒருவரைப் பிறரிடமிருந்தோ தம் முந்தைய நிலையிலிருந்தோ வேறுபடுத்துகிறது என்பதை இக்கட்டுரை தேர்ந்தெடுத்த சான்றுகளின் வழி நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, நிறக்குறியியல், சிவப்பு, பெயரிடல், நால்வண்ண அச்சு, பனிப்போர், மொழிபெயர்ப்பு

முன்னுரை

சித்திரக்கதை, படமும் சொல்லும் இணைந்து பொருள் தரும் கலைவடிவம். அதில் நிறத்தை ஆராய்வோர் பெரும்பாலும் படத்தின் பக்கமே நிற்க நேர்கிறது. பாத்திரம் எந்த நிறத்தில் உள்ளது என்று கண்டு, அந்நிறத்திற்குரிய பொருளைப் பொதுவான நிறப்பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்துவது அம்முறை. சிவப்பைப் பொறுத்தவரை இம்முறை விரைவில் தடுமாறுகிறது. சூப்பர்மேனின் மேலங்கியும் சிவப்பு. கேப்டன் அமெரிக்காவின் பகைவனான ரெட் ஸ்கல்லின் முகமும் சிவப்பு. முன்னது வீரத்தையும் பின்னது கொடுமையையும் குறிக்கும் என்றால், பொருளைத் தருவது நிறமா, கதையில் நாம் முன்பே அறிந்த செய்தியா என்ற வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை காண, படத்தோடு பெயரையும் சேர்த்து நோக்க வேண்டும். சூப்பர்மேன் சிவப்பு அணிகிறான். அவன் பெயரில் சிவப்பு இல்லை. ரெட் ஸ்கல்லின் பெயரோ ‘சிவப்பு மண்டையோடு’ என்றே பொருள்படுகிறது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. அச்சுமுறையும் சிவப்பும்

சித்திரக்கதை இதழ்கள் வேர்கொண்ட 1930களிலும் 1940களிலும் அவை மலிவான செய்தித்தாளில் நால்வண்ண முறையில் அச்சிடப்பட்டன. மஞ்சள், மஜந்தா, சயான் ஆகிய மூன்று மைகளுடன் கோடுகளுக்குக் கறுப்பு மையும் பயன்பட்டன. இடைப்பட்ட சாயல்களைப் பெற மைகளைப் புள்ளிகளாகவே அச்சிட வேண்டியிருந்தது. தாள் மையை உறிஞ்சுவதாலும் பதிவு சற்று விலகுவதாலும் நுண்ணிய சாயல்கள் எளிதில் குலைந்தன.

சிவப்பு இவ்விடர்ப்பாட்டிலிருந்து தப்பியது. முழு மஞ்சளின் மீது முழு மஜந்தா விழுந்தால் புள்ளியற்ற, அடர்ந்த சிவப்பு கிடைத்துவிடும். பக்கத்திற்குப் பக்கம் மாறாத நிறம் வேண்டிய தொடர்கதைக்கு இது பெரும் நன்மை. இதன் மறுபக்கத்தை ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ காட்டுகிறது. 1962 மே மாத முதல் இதழில் ஹல்க்கின் தோல் சாம்பல் நிறம். அச்சில் அச்சாம்பல் சீராக அமையாமையால் இரண்டாம் இதழிலேயே அவன் பச்சையானான். ஒரு பாத்திரத்தின் நிறத்தைக் குறியீட்டுக்கு முன்பே அச்சுக்கூடம் தீர்மானிக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது. ஆகவே நாயகரின் சிவப்புக்கு உளவியல் பொருள் தேடுமுன், அது தொலைவிலிருந்தும் தெரிகின்ற, நம்பத்தகுந்த அச்சு நிறம் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

2. நாயகர் உடையில் சிவப்பு

1938 ஜூன் நாளிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் சிவப்பு மேலங்கியோடு தோன்றினான். 1940இல் ‘விஸ் காமிக்ஸ்’ வழி வந்த கேப்டன் மார்வெலின் உடை ஏறத்தாழ முழுவதும் சிவப்பு. 1956 அக்டோபரில் ‘ஷோகேஸ்’ நான்காம் இதழில் புதுவடிவம் பெற்ற ஃபிளாஷின் உடையும் பெரும்பாலும் சிவப்பு. இம்மூவர் பெயர்களும் ஆற்றலையோ வியப்பையோ விரைவையோ சொல்கின்றன; நிறத்தைச் சொல்லவில்லை.

டேர்டெவில் இவ்வகையில் சிறப்பாக நோக்கத்தக்கவன். 1964இல் அவன் மஞ்சள் மிகுந்த உடையில் அறிமுகமானான். 1965 ஏப்ரல் நாளிட்ட ஏழாம் இதழில் ஓவியர் வாலி வுட் அவனுக்கு முழுச் சிவப்பு உடை தந்தார். அவ்வுடையே நிலைத்தது, பெயர் மாறவில்லை. கதைப்படி அவன் பார்வையற்றவன். தான் அணிந்த சிவப்பை அவனே கண்டதில்லை. அந்நிறம் அவன் அகத்தின் வெளிப்பாடு என்பதைவிட, வாசகர் அவனைப் பக்கத்தில் கண்டுகொள்வதற்கான குறி என்பதே பொருந்தும்.

மைக் மிக்னோலாவின் ஹெல்பாயும் இவ்வரிசையினன். இருண்ட பின்னணியில் அவன் செந்நிற உடல் மட்டும் தனித்து ஒளிர்கிறது. நரகத்திலிருந்து வந்தவன் என்பதைப் பெயர் சொல்கிறது. சிவந்தவன் என்பதைச் சொல்லவில்லை. அதைக் கண் பார்த்துக்கொள்கிறது. கண் அறிந்ததைப் பெயர் மீண்டும் சொல்லத் தேவையில்லை என்பது இப்பாத்திரங்களில் பொதுவாகக் காணப்படும் நெறி எனலாம்.

3. பெயரில் சிவப்பு: பகைவரும் பனிப்போரும்

அவ்வாறாயின் பெயரில் சிவப்பு எப்போது வருகிறது? 1941 மார்ச் நாளிட்ட ‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ முதல் இதழிலேயே ரெட் ஸ்கல் தோன்றுகிறான். நாயகனின் கையுறையும் காலணியும் சிவப்பு. கேடயத்திலும் சிவப்புக் கோடுகள் உள்ளன. ஆயினும் நாயகனுக்கு நாட்டின் பெயரும் பகைவனுக்கு நிறத்தின் பெயரும் கிடைக்கின்றன. நாயகனின் சிவப்பு, வெள்ளையோடும் நீலத்தோடும் சேர்ந்து கொடியாகிவிடுகிறது. பகைவனின் சிவப்பு தனித்து நின்று பெயராகிறது.

பனிப்போர்க் காலத்தில் இப்பாகுபாடு வெளிப்படையான அரசியலாயிற்று. 1963இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பதின்மூன்றாம் இதழில் வந்த சோவியத் அறிவியலாளன் ரெட் கோஸ்ட்; அதே ஆண்டு அக்டோபரில் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 46ஆம் இதழில் அயர்ன் மேனை எதிர்த்த சோவியத் கவசவீரன் கிரிம்சன் டைனமோ; 1967இல் கேப்டன் அமெரிக்காவுக்கு மறுமொழியாக ‘அவெஞ்சர்ஸ்’ இதழில் படைக்கப்பட்ட சோவியத் வீரன் ரெட் கார்டியன். மூவர் பெயரிலும் சிவப்போ அதன் சாயலோ உள்ளது. பொதுவுடைமைக்கும் சிவப்புக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு இதை விளக்குவது சரியே. ஆனால் அவ்விளக்கம் முழுமையானதன்று.

கிரிம்சன் டைனமோ வந்து இரண்டு இதழ்கள் கழித்து, 1963 டிசம்பர் நாளிட்ட 48ஆம் இதழில், அயர்ன் மேன் தன் பொன்னிறக் கவசத்தைக் களைந்து சிவப்பும் பொன்னும் கலந்த கவசம் பூண்டான். ஸ்டீவ் டிட்கோ அதை வரைந்தார். பொதுவுடைமையை எதிர்க்கும் ஆயுதத் தொழிலதிபர் ஒருவர், சோவியத் பகைவனைச் சந்தித்த இரு மாதங்களுக்குள் அவனுடைய நிறத்தையே அணிந்துகொள்கிறார். சிவப்பு நிறமே பொதுவுடைமையின் குறியீடாக இயங்கியிருப்பின் இம்மாற்றம் இடறியிருக்கும், அது இடறவில்லை. அரசியல் சுமையைத் தாங்கியது மையன்று, சொல்லே. ‘கிரிம்சன்’ என்ற பெயர் எதிரணியில் இருந்தவரை அயர்ன் மேனின் சிவப்பு வெறும் கவச நிறமாகவே வாசிக்கப்பட்டது.

கேப்டன் மார்வெலின் பகைவனான டாக்டர் சிவானா அவனை ‘பிக் ரெட் சீஸ்’ என்று ஏளனமாக அழைப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நாயகனின் சிவப்பு சொல்லாகும்போது, அச்சொல் பகைவனின் வாயில் வசையாக வருகிறது.

4. பிளவும் இடப்பெயர்ச்சியும்

நட்புப் பாத்திரங்களின் பெயரில் சிவப்பு வரும் இடங்களில் ஒரு பிளவையோ இடப்பெயர்ச்சியையோ காணலாம். 1963 ஜூலை நாளிட்ட ‘சூப்பர்மேன்’ 162ஆம் இதழில் நாயகன் இருவராகப் பிரிகிறான். ஒருவன் சூப்பர்மேன் ரெட், மற்றவன் சூப்பர்மேன் புளூ. ஒருவனாக இருந்தவரை இரு நிறங்களும் அவன் உடையில் பெயரின்றியே இருந்தன. இருவரானதும் அவை பெயராயின. அதே கதையுலகில் பச்சைக் கிரிப்டோனைட் சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்கிறது. சிவப்புக் கிரிப்டோனைட்டோ அவனை எதிர்பாராத வகையில் வேறொருவனாக மாற்றுகிறது.

பேட்மேன் கதைகளில் இது மேலும் கூர்மை பெறுகிறது. ராபினின் மார்பாடை தொடக்கம் முதலே சிவப்பு. இரண்டாம் ராபினான ஜேசன் டாட் வாழ்வதா சாவதா என்பதை 1988இல் வாசகர்கள் தொலைபேசி வழி வாக்களித்து முடிவு செய்தனர். 5,271க்கு எதிராக 5,343 வாக்குகளால் அவன் சாகடிக்கப்பட்டான். 2005இல் மீண்டு வந்தவன் ரெட் ஹுட் என்ற பெயரை ஏற்றான். அது 1951ஆம் ஆண்டுக் கதைப்படி ஜோக்கர் தன் குற்றவாழ்வின் தொடக்கத்தில் பூண்டிருந்த பெயர். தன்னைக் கொன்றவனின் பழைய பெயரை ஏற்பதன் மூலம் ஜேசன் தன் குடும்பத்திலிருந்து விலகி நிற்கிறான். 2009இல் ராபின் என்ற இடம் டேமியன் வெய்னுக்குத் தரப்பட்டபோது, அவ்விடத்தை இழந்த டிம் டிரேக் ரெட் ராபின் ஆனான். இருவரும் ராபினாக இருந்தபோதும் சிவப்பே அணிந்திருந்தனர். அவ்விடத்தை இழந்த பின்னரே சிவப்பு அவர்கள் பெயரில் ஏறியது.

2008இல் தோன்றிய ரெட் ஹல்க்கும் இவ்வாறே. ஹல்க்கைப் ‘பச்சை ஹல்க்’ என்று பெயரிட வேண்டியிருக்கவில்லை. அவனை வாழ்நாளெல்லாம் வேட்டையாடிய தளபதி ராஸ் அவனைப்போலவே உருமாறியபோது, வேறுபடுத்த ‘ரெட்’ தேவைப்பட்டது.

5. தலைப்பில் நிறச்சொல்

2003இல் மூன்று இதழ்களாக வெளிவந்த ‘சூப்பர்மேன்: ரெட் சன்’ தலைப்புக்கு நல்ல சான்று. குழந்தை சூப்பர்மேனின் கலம் அமெரிக்காவில் அன்றி உக்ரைனின் கூட்டுப்பண்ணையில் இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்பது மார்க் மில்லர் எழுதிய இக்கதையின் அடிப்படை. தலைப்பின் கடைச்சொல் ‘மகன்’ என்று பொருள்படினும் ஒலியால் ‘கதிரவன்’ என்பதையும் நினைவூட்டுகிறது. கிரிப்டான் உலகின் கதிரவன் சிவப்பு. அதன்கீழ் சூப்பர்மேனுக்கு ஆற்றல் இல்லை. சூப்பர்மேன் 65 ஆண்டுகளாகச் சிவப்பு அணிந்தவன். தலைப்பு அச்சொல்லை எடுத்தபோது அது சுட்டியது மேலங்கியை அன்று. அவன் வேறொருவனாக வளர்ந்ததை.

ஜெஃப் லோப், டிம் சேல் இருவரும் படைத்த நிறத்தலைப்பு வரிசை இதை மறுதிசையிலிருந்து உறுதிசெய்கிறது. சிவப்பால் அறியப்படும் நாயகனைப் பற்றிய நூலின் தலைப்பு ‘டேர்டெவில்: எல்லோ’, பச்சை நாயகனைப் பற்றியது ‘ஹல்க்: கிரே’. இரண்டும் கைவிடப்பட்ட தொடக்க நிறங்கள். இப்போது கண்ணுக்குத் தெரிவதைத் தலைப்பு சொல்லவில்லை, தெரியாமற்போனதைச் சொல்கிறது.

6. பொருந்தா இடங்கள்

இக்கருதுகோளுக்கு அடங்காத சான்றுகளும் உள. ஃபிளாஷுக்கு ‘ஸ்கார்லெட் ஸ்பீட்ஸ்டர்’ என்ற புகழ்ப்பெயர் உண்டு. இது வசையன்று, வேறுபடுத்தலும் அன்று. எனினும் அது இதழின் தலைப்பாகாமல் அடைமொழியாகவே நின்றுவிட்டது. ஸ்கார்லெட் விட்ச் 1964இல் பகைவர் குழுவில் அறிமுகமாகி அடுத்த ஆண்டே அவெஞ்சர்ஸில் சேர்ந்தாள். பகைக்காலத்துப் பெயர் நட்புக்காலத்திலும் தொடர்ந்தது. இது கருதுகோளைப் பாதியளவே ஏற்கிறது.

வலுவான விதிவிலக்கு ரெட் சோன்யா. 1973இல் மார்வெலின் கோனன் இதழில் தோன்றிய இவ்வாள்வீராங்கனையின் பெயர், ராபர்ட் ஈ. ஹோவர்டு 1934இல் வெளியிட்ட உரைநடைக் கதையொன்றிலிருந்து வந்தது. சிவப்பு அவள் கூந்தலைக் குறிக்கும். உரைநடையில் நிறம் சொல்லாக மட்டுமே இருக்க முடியும். காட்டுவதற்கு அங்கே மை இல்லை. ஆகவே இப்பெயர் சித்திரக்கதையின் பெயரிடல் நெறிக்கு முற்பட்டது. காட்டுதலும் சொல்லுதலும் தனித்தனிச் செயல்கள் என்பதை இவ்விதிவிலக்கும் ஒருவகையில் உணர்த்துகிறது.

7. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

இப்பெயர்களைத் தமிழாக்குவோர்க்கு மேற்கண்ட வேறுபாடு நடைமுறைச் சிக்கலாகும். தமிழில் ‘செம்மை’ சிவப்பையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கிறது. செங்கோல் என்பது கொடுங்கோலின் மறுதலை. செந்தமிழ், செம்மல் ஆகியவற்றிலும் சிறப்புப் பொருளே உள்ளது. ரெட் கார்டியனைச் ‘செங்காவலன்’ என்றால் செங்கொடியின் சாயல் கிடைக்கும். அதோடு அறந்தவறாக் காவலன் என்ற ஒலிப்பும் வந்துவிடும். மூலப்பெயர் விலக்கி நிறுத்தியவனைத் தமிழ்ப்பெயர் உயர்த்திவிடுகிறது. ‘சிவப்புக் காவலன்’ என்பதில் அழகு குறைவு. ஆயினும் அயன்மை காக்கப்படுகிறது. பகைவர் பெயர்க்குச் ‘சிவப்பு’ என்ற முழுச்சொல்லையே கொள்வது தகும்.

முடிவுரை

அமெரிக்கச் சித்திரக்கதையில் சிவப்புக்கு நிலைத்த பொருள் ஒன்றில்லை. மையாக வரும்போது அது அச்சுமுறையின் தேவையிலிருந்து பிறந்து நாயகரை அடையாளங்காட்டுகிறது. சொல்லாக வரும்போது பகைவரையும் பிளவுண்டவரையும் இடமிழந்தவரையும் குறித்துக்காட்டுகிறது. 1963இன் இறுதியில் ஒரே இதழ்த்தொடரில் அயர்ன் மேனும் கிரிம்சன் டைனமோவும் சிவப்பைப் பகிர்ந்துகொண்டதே இதற்குத் தெளிவான சான்று: நிறம் இருவருக்கும் கிடைத்தது, பெயர் ஒருவனுக்கே சூட்டப்பட்டது. எனவே நிறத்தை ஆராய்வோர் ‘இப்பாத்திரம் என்ன நிறம்?’ என்பதோடு நில்லாமல், ‘அந்நிறத்தை யார், எப்போது பெயராக்கினர்?’ என்றும் கேட்க வேண்டும். பொருள் பெரும்பாலும் இரண்டாம் வினாவின் விடையிலேயே உள்ளது.