ஈயத்தைத் தரம் பிரிக்கும் ஓவியப் பென்சில்கள்

கடினமான குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் தழும்பை அளந்து கடினத்தைச் சொல்வது பிரினெல் முறை. அந்த இயந்திரம் ஆய்வுக்கூடங்களுக்கானது. எங்கள் பகுதியான மரைன் ஹில்லில் என் கைக்கு எட்டுவது எழுதுபொருள் கடையின் ஓவியப் பென்சில்கள்தான். பென்சிலால் ஈயத்தின் கடினத்தைப் பார்ப்பது, துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்கள் வெளிநாடுகளில் கையாளும் சோதனை. நம் நாட்டில் தோட்டா செய்ய ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமம் வேண்டும். நான் சோதிப்பது வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை.

வலையின் அடிக்கயிற்றில் ஈயத்தை மடக்கி இடுக்கியால் நசுக்கும்போது, மெத்தென்ற ஈயம் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கார் சக்கரங்களின் பழைய எடைத்துண்டுகளில் ஆன்டிமணி கலந்திருப்பதால் அவை விறைப்பானவை, மடக்கினால் விரிசல் விடலாம். பழைய இரும்புக் கடைக் குவியலில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

பென்சிலின் மரத்தை மட்டும் சீவி, உள்ளிருக்கும் கரிக்குச்சியின் முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்க்க வேண்டும். ஈயத்தின் மேல் படிந்த படலத்தைக் கத்தியால் வழித்துவிட்டு, 45 பாகை சாய்வில் முன்னோக்கித் தள்ளினால், மென்மையான பென்சில் வழுக்கிக் கோடு போடும். கடினமானது உலோகத்தைச் சுரண்டும். மென்மையான பென்சிலிலிருந்து கடினமானதை நோக்கிப் போகையில், சுரண்டத் தொடங்கும் முதல் தரமே விடை. சுத்த ஈயம் பிரினெல் கணக்கில் சுமார் 5, அதற்கு மென்மையான 6பி பென்சில் போதும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் சேர்ந்த பற்றாசு சுமார் 15. அது எச்பி பக்கம் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் தரம் மாறுவதால் ஒரே நிறுவனத்தின் பென்சில்களையே வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிமணி ஈயம் வார்த்த சூட்டோடு மென்மையாக இருந்து, நாள்போக்கில் இறுகும். ஒரு வாரம் விட்டுச் சோதிப்பதே நல்லது.

தரம் பிரிக்க இதைவிட மலிவான கருவி வேண்டியதில்லை. ஆனால் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை மட்டும் இதை நம்பிச் சோதிக்காதீர்கள். அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். ஈயம் கலந்திருந்தால் புளிப்பில் கரைந்து நஞ்சாகும். சுத்த வெள்ளீயத்தின் கடினமும் ஈயத்தை ஒட்டியதே, பென்சிலுக்கு வேற்றுமை தெரியாது. எடைதான் காட்டிக்கொடுக்கும்: வெள்ளீயம் தண்ணீரைப் போல் 7.3 மடங்கு, ஈயம் 11.3 மடங்கு. சொம்பை நூலில் கட்டி நீருக்குள் முழுக்கித் தராசில் நிறுத்து, காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுங்கள். 7.3-ஐத் தெளிவாகத் தாண்டினால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டாம். சிறிதளவு கலப்பு இந்தக் கணக்கில் தப்பிவிடும் என்பதால், 7.3 வந்தாலும் சமையலுக்கு எடுக்குமுன் ஆய்வுக்கூடச் சோதனை தேவை.