பனியன் கம்பெனியில் ஃபிட்னஸ் பேண்ட்

போன மாசம் திருப்பூரில் மச்சானின் பனியன் கம்பெனிக்குப் போனபோது சும்மா ஒரு சோதனை. துணி ஏற்றிய டிராலியை, வாய்விட்டு எண்ணிக்கொண்டே 200 ஸ்டெப் தள்ளினேன். கையிலிருந்த பேண்ட் காட்டியது 31. உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் மணிக்கட்டு அசைவை வைத்துத்தான் நடையை ஊகிக்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்த கை ஆடாது. கால் நடந்தது அதுக்குத் தெரியாது.

கலோரிக் கணக்கு இன்னும் மோசம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவிக்குக்கூட சராசரிப் பிழை 27 சதவீதம். அதை நம்பி ஒரு பரோட்டா சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

சரி, அந்த 10,000 ஸ்டெப் இலக்கு? 1965-ல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்ற பெடோமீட்டரின் பெயர் 'மான்போ-கேய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விளம்பரப் பெயர்தான் இலக்காகிவிட்டது. 2019-ல் வந்த ஐ-மின் லீ குழுவின் ஆய்வில், வயதான அமெரிக்கப் பெண்களுக்குக் கிடைத்த பலன் சுமார் 7,500-லேயே நின்றுவிட்டது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். உட்கார்ந்து கோட் எழுதும் என்னைப் போன்ற ஆளை மட்டுமே நினைத்து எழுதிய மென்பொருள் இது என்பதுதான் உறுத்துகிறது. செக்கிங் டேபிளில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த ஒரு அக்காவுக்குக் கட்டிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அதிர்ந்தது. எழுந்து நடக்கணுமாம்.

"நான் எப்பங்க உக்காந்தேன்?" என்றார்.