கியூபிட்டொரண்ட்: இயங்குதள மாற்றம் குறித்த மதிப்பீடு

கியூபிட்டொரண்ட் என்பது விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் இயங்கும் கட்டற்ற டொரண்ட் மென்பொருள். கிறிஸ்டோஃப் டூமே 2006இல் இதைத் தொடங்கினார். விளம்பரம் இல்லாமை இதன் சிறப்பு. ஆனால், ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பயனருக்கு இது போதிய துணை செய்வதில்லை.

பின்னணி

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், காஞ்சிபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் மாணவர்கள் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே கொண்ட கணினிகளைப் பெற்றனர். இத்தகைய கணினியில் விண்டோஸில் இறக்கிய கோப்புகளை லினக்ஸிலிருந்தும் திறக்கலாம். இருந்தும் அங்குள்ள கியூபிட்டொரண்டுக்கு அவை தெரிவதில்லை.

குறைகள்

ஒவ்வொரு பதிவிறக்கத்தின் நிலையும் 'பிடி பேக்கப்' என்னும் கோப்புறையில் 'ஃபாஸ்ட்ரெஸ்யூம்' கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. கோப்பு இருக்கும் முழுப் பாதையும் அதில் பதிவாகிறது. விண்டோஸில் 'டி' எனத் தொடங்கும் பாதை லினக்ஸில் செல்லாது.

பாதையைக் கையால் திருத்துவதும் எளிதன்று. ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளம் பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். 'பாடம்' என்ற கோப்புறைப் பெயர் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. பெயரை மாற்றி எண்ணை மாற்றாவிட்டால் பதிவு முழுவதும் பழுதாகும். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இது புதிதன்று: கொக்கி எண்ணிக்கை வேறான ஜக்கார்டு பெட்டியில் பழைய அட்டைகளை மாட்டினால், பட்டும் சரிகையும் அவையே ஆனாலும் புட்டா சரியாக விழாது.

மாற்று வழி

பழைய டொரண்ட் கோப்புகளைப் புதிய இயங்குதளத்தில் சேர்த்து, பதிவிறக்கத்தைத் தொடங்கவிடாமல் நிறுத்தி வைத்து, கோப்புகள் உள்ள இடத்தைக் காட்டி, மறுசரிபார்ப்புச் செய்வதே பாதுகாப்பான வழி. பிட்டொரண்டின் முதற்பதிப்பு முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-1 குறியீடு உண்டு. அது பொருந்தினால் மீண்டும் இறக்க வேண்டியதில்லை. அளவிட்ட இணையத் தரவை வைத்துப் படிக்கும் மாணவருக்கு இது பெரிய சேமிப்பு. எனினும் பதிவேற்றக் கணக்கும், வகைப்பிரிவுகளும், சேர்த்த தேதியும் இவ்வழியில் இழக்கப்படும்.

மதிப்பீடு

கோப்பின் உள்ளடக்கத்தைத் துண்டு துண்டாகச் சரிபார்க்கத் தெரிந்த மென்பொருள், அதன் இருப்பிடத்துக்கு மட்டும் பழைய பாதையையே நம்பியிருப்பது வடிவமைப்புக் குறையே. பழைய பாதைக்குப் புதிய பாதை எது என ஒருமுறை கேட்டு, எல்லாப் பதிவுகளையும் தானே திருத்தும் வசதி இருந்தால் இக்குறை பெரிதும் நீங்கும். மூலநிரல் திறந்திருப்பதால், நிரலாக்கம் பயிலும் மாணவர்களே இதற்கு முயலலாம்.