செருப்பும் குடையும்

ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்காகப் பெங்களூர் போவது புதிதல்ல. 1878-ல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் அங்கே சென்ட்ரல் காலேஜில் படித்தவர்தான். இன்று ஓசூர் தொழிற்சாலை ஊர். இருசக்கர வண்டிகளைச் செய்து அனுப்புகிற ஊர். அப்படியொரு வண்டியிலிருந்து மகன் பெங்களூரில் சறுக்கி விழுந்தான், முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை என்று செய்தி வருகிறது. நாற்பது கிலோமீட்டர் தூரந்தான். ஆனாலும் தாய்க்கு அன்று சோறு இறங்குவதில்லை.

இதைக் கதையாக எழுதச் சொன்னால் நம் கதாசிரியர்களில் பலர் என்ன செய்வார்கள்? சிராய்ப்பு போதாதென்று பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள். வாசகர் கண்ணீருக்கு அது குறுக்குவழி.

பெரியாழ்வார் அந்த வழியில் போகவில்லை. கண்ணனைக் கன்று மேய்க்க அனுப்பிவிட்டு யசோதை வருந்தும் பாசுரங்கள் அவருடைய திருமொழியில், மூன்றாம் பத்தில் இருக்கின்றன. அவற்றில் விபரீதம் ஒன்றும் நடப்பதில்லை. செருப்பும் குடையும் கொடுக்காமல் அனுப்பினோமே, பரற்கல் காலை உறுத்துமே என்று அவள் துடிக்கிறாள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பிள்ளை தானாகப் போனான் என்று அவள் சொல்வதில்லை. தானே அவனைப் போக்கியதாகப் பாட்டுக்குப் பாட்டு நொந்துகொள்கிறாள்.

பெற்றவர் கவலைக்கு ஆணிவேர் இதுதான். காயம் சிறிதென்று டாக்டர் சொல்லலாம். அனுப்பியது யார் என்று மனசு கேட்கிற கேள்விக்கு அவரிடம் மருந்தில்லை. படித்து முன்னுக்கு வரட்டும் என்று வழியனுப்பிய கைதான் அன்றிரவு நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு சிராய்ப்பு போதும்.